ஒட்டுப் போடாத ரவிக்கை

தையற்காரர் தசரதன் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார். கொக்கி டப்பாவில் நூறு என்று அச்சடித்திருந்தால் அதைப் பாயில் கொட்டி எண்ணுவார். கரண்டு மீட்டர் பார்க்க வருகிற ஆளுக்குப் பின்னாலேயே போய் நின்று, அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட படிப்பு. ஆனால் ஆரணியில் நாற்பத்திரண்டு வருஷமாக லேடீஸ் டைலர். தேசூரிலிருந்தும் வெம்பாக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் சும்மாவா?

பெண்பிள்ளைகள் வாயால் சொல்கிற அளவை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. முப்பத்தாறு என்பாள், பார்த்தாலே தெரியும், முப்பத்தெட்டுக்குக் குறையாது. "சரிம்மா, முப்பத்தாறே வெச்சிக்கலாம்" என்று தலையாட்டிவிட்டு முப்பத்தெட்டுக்கு வெட்டுவார். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, "சொன்ன அளவு அப்படியே வந்திருக்குது பாரு" என்று சந்தோஷப்படுவாள். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு பழைய அளவு ரவிக்கை, இல்லாவிட்டால் வாசலில் ஆள் வந்து நிற்கிற அரை நிமிஷம். அந்தக் கண்ணுக்குத் தப்பு வந்ததில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரும் அப்படித்தான் சொன்னது.

வீட்டு முன் அறைதான் கடை. அந்த வீட்டிலேயே ஆறு வருஷமாக இருக்கிற மருமகள் துர்காவுக்கு மட்டும் அவர் ஒரு ரவிக்கையும் தைத்ததில்லை. மாமனார் மருமகளின் அளவைக் கையில் வாங்குவதாவது! அவளும் கேட்டதில்லை, இவரும் கேட்டதில்லை. அவள் துணி வெளியே போகும், வெளியிலிருந்து வரும். அது அப்படியே பழகிவிட்டது.

துர்கா பருமன். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகி வரும்போதே பூசினாற்போல இருந்தாள். குழந்தை பிறந்த பிறகு இரண்டு மடங்கானாள். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று மாடி ஏறி இறங்குவாள், கடைசி பெஞ்சு வரைக்கும் அவள் குரல் போகும், பிள்ளைகள் அவளைச் சுற்றி ஈயாக மொய்க்கும். உடம்பால் அவளுக்கு நின்றுபோன காரியம் ஒன்று உண்டென்றால் அது துணி வாங்குவதுதான்.

நல்ல துணி போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தசரதனுக்கு அது தெரியும், ஏனென்றால் கடைக்கு வருகிற மாடல் புத்தகத்தை அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் எடுத்துப் புரட்டுவாள். ஆனால் கொடியில் காய்வது எல்லாம் அரக்கும் கருநீலமுமாகத் தொளதொள சட்டைகள். பெரிய அளவென்றால் பெரிய பெரிய பூதான் போட வேண்டும் என்று எவனோ கம்பெனிக்காரன் முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது. வேலூரில் நாலு மாடிக் கடைக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் துர்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு நைட்டி செக்‌ஷன் கீழ இருக்குதுக்கா" என்றாளாம். கூடப் போன அவள் புருஷன் சுதாகர் வந்து சொல்லிச் சிரித்தான். துர்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆன்லைனில் வரவழைத்த சுடிதாரில் எக்ஸ் எழுத்து நாலு போட்டிருந்தது. கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. திருப்பி அனுப்பிய பார்சலை எல்லாம் அடுக்கினால் ஒரு பீரோ நிறையும்.

"எல்லாம் டகல்பாஜி. படத்துல ஒரு பொண்ணுக்குப் போட்டுக் காட்டுவான், பையில வேற ஒண்ணு போட்டு அனுப்புவான்" என்று தசரதன் தன் பங்குக்குச் சொன்னார்.

இப்படி இருக்கையில் துர்காவின் தம்பி குணாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் தேசூர்ப் பக்கம், பெயர் சிவசங்கரி. ஆவணியில் முகூர்த்தம், மண்டபம் வந்தவாசியில்.

அக்காவுக்கும் தம்பிக்கும் பத்து வயது வித்தியாசம். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் இவள்தான். அதனால் நாத்தனார் முடிச்சைப் பற்றி வீட்டில் ஒரே பேச்சு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போட வேண்டும். அது அவளுடைய உரிமை. "அவன் பொறந்ததிலேர்ந்து நான் வெய்ட் பண்றது அந்த ரெண்டு முடிச்சுக்குத்தான் அத்தை. பிரிக்கவே முடியாத மாதிரி போடப் போறேன் பாருங்க" என்று துர்கா மாமியார் சின்னம்மாளிடம் சொல்லுவாள்.

சேலை ஆரணியிலேயே எடுத்தாள். மயில்கழுத்து நிறம், அரக்கு ஓரம். ஓரத்தின் அரக்கு நிறத்திலேயே ரவிக்கைத் துண்டு, சேலையோடு சேர்ந்து நெய்தது; எண்பது சென்டிமீட்டர். யாருக்கு நெய்தாலும் அதே எண்பதுதான். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகக் கடை போட்டவனிடம் போனாள். அவன், "இந்த சைஸுக்கு மாடல் எல்லாம் வராது மேடம். க்ளோஸ் நெக், பிளெயினா வேணா தெச்சித் தரேன், ஃபிட்டிங்குக்கு கேரண்டி கெடையாது" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் சுதாகர் தயங்கித் தயங்கி முன் அறைக்கு வந்தான். கையில் துணிப்பை.

"நைனா, துர்காவோட ஜாக்கெட். நீயே தெச்சிக் குடுத்துடேன்."

தசரதன் மெஷினை நிறுத்தவில்லை. "அளவு ரவிக்கை எங்க?"

"சரியா இருக்கிறது அவகிட்ட ஒண்ணுகூட இல்லியாம். அளவு எழுதிக் குடுத்திருக்கா."

நாலாக மடித்த காகிதம். கணக்கு டீச்சர் எழுத்து, ஒவ்வொரு நம்பரும் கட்டம் போட்ட மாதிரி. மார்பு நாற்பத்தெட்டு. மேல்கை சுற்று பதினேழு. அக்குள் சுற்று இருபத்தொன்று. கீழே ஒரு படமும் வரைந்திருந்தாள்: பின் கழுத்து பானை வடிவம், முழங்கை வரைக்கும் கை, கையில் சரிகை ஓரம், முதுகில் ஒரு கயிறு.

"இன்னாடா இது, நாப்பத்தெட்டு? யாரு அளந்தது?"

"ஸ்கூல்ல இன்னொரு டீச்சர் புது டேப் வெச்சு எடுத்தாங்களாம்."

"சுடிதாருக்கு மேல புடிச்சிருப்பாளுங்க. கையி விரலு வேற உள்ள போயிருக்கும். சரி, வெச்சிட்டுப் போ."

மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பின துர்காவை அவர் ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தார். மருமகள் ஆயிற்றே, சரியாகவும் பார்க்கவில்லை. நாற்பத்திநாலு என்று முடிவு செய்தார்.

முடிவு செய்ததற்கு இன்னொரு காரணம் துணி. எண்பது சென்டிமீட்டரைப் பலகையில் விரித்து முழக்கோலை வைத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டுக்கு வெட்டினால் முழங்கைக் கைக்குத் துணி போதாது. போதாத இடத்துக்கு ஒரு வழி உண்டு. தையல் பழகுகிற பெண்கள்கூட அதைச் செய்வார்கள். அக்குளுக்குக் கீழே அதே நிறத்தில் நாலு விரல் துணியை ஒட்டாகக் கொடுப்பது. கையை இறக்கினால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் தசரதன் கடையிலிருந்து ஒட்டுப் போட்ட ரவிக்கை வெளியே போனதில்லை. ஒட்டுப் போடுகிறவன் வெட்டத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். சொந்த மருமகள் ரவிக்கையில், அதுவும் நாலு ஊர் சனம் கூடுகிற மேடையில், ஒட்டா? நாற்பத்திநாலு என்றால் துணி அளவாக வந்தது. துணிக்குத் தகுந்தாற்போல அவளுடைய உடம்பையும் வெட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாற்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் குறைத்துச் சொல்லி, அவர் கூட்டி வெட்டியிருக்கிறார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தவள் ஒருத்தி. அவளுக்குத்தான் குறைத்து வெட்டினார்.

வேலையில் குறை வைக்கவில்லை. பானைக் கழுத்து முட்டை போல வளைந்து வந்தது. சரிகை ஓரம் இரண்டு கையிலும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தது. ஆவணிக் கல்யாணத் துணிகளுக்கு நடுவே இதைக் கடைசியாகத்தான் முடித்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சின்னம்மாள் கையில் கொடுத்தனுப்பினார். வந்தவாசிக்கு வேன் நாலு மணிக்கு.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சின்னம்மாள் வந்தாள்.

"இன்னாய்யா தெச்சிருக்கிற? கொக்கி ஒண்ணும் எட்டல. கையி வேற இறுக்கிக்கினு கீது. பாவம், வேத்து விறுவிறுத்துப்போய் உக்காந்துகினு கீது அந்தப் பொண்ணு."

"குடு இப்பிடி."

பக்கத் தையலைப் பிரித்தார். உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் கொடுத்து மறுபடி ஓட்டினார். இரண்டு இஞ்ச் கிடைத்தது. இழுத்துப் பிடித்தால் கொக்கி மாட்டியது. அக்குளில் கொடுப்பதற்கு ஒரு நூல்கூட இல்லை. அது வெட்டினது வெட்டினதுதான்.

இந்தத் தடவை துர்காவே சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தாள். "மாமா, கையைத் தூக்கினா பிடிக்குது."

"புதுத் துணி அப்பிடித்தாம்மா இருக்கும். போடப் போடக் கொடுக்கும்."

பட்டுத் துணி கொடுக்காது. ஆரணியில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூட அது தெரியும். அவர் சொன்னார். அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். வேன்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முகூர்த்தம். சம்பந்தி வீட்டுக்காரர் என்று தசரதனை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் துர்கா அங்குமிங்கும் போய்வந்துகொண்டிருந்தாள். மயில்கழுத்து நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. பானைக் கழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு பெண், "யார்கிட்டக்கா தெச்சீங்க?" என்று கேட்டது இவர் காதிலேயே விழுந்தது. துர்கா கையைத் தூக்கிக் காட்டவில்லை. தலையால் இவர் இருக்கிற பக்கத்தைக் காட்டினாள். தசரதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. குணா முதல் முடிச்சைப் போட்டான். "நாத்தனார் வாங்கம்மா, ஜல்தி" என்றார் ஐயர்.

மணப்பெண் தலை குனிந்திருந்தாள். முதுகு நிறையப் பூ ஜடை, அதற்கு மேல் மாலை. இரண்டையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தாலிக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். துர்காவின் வலது கை மேலே போனது. தோள் மட்டத்தில் நின்றது. மேளச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழ வழியில்லை. ஆனால் தசரதனுக்குத் தெரிந்துவிட்டது. எந்த இடம், எத்தனை இஞ்ச் என்றுகூடத் தெரிந்தது.

துர்காவின் கை கீழே இறங்கியது. இடது கையால் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெரியப்பா மகள் சாவித்திரியிடம் ஏதோ சொன்னாள். சாவித்திரி திகைத்து, அப்புறம் முன்னே வந்து, ஒல்லிக் கையால் இரண்டு முடிச்சையும் போட்டாள். அட்சதை விழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பின்வரிசையில் பேச்சு கிளம்பியது.

"இன்னாடி, அக்காக்காரி போடல?"

"ஜாக்கெட்டு கிழிஞ்சிடுச்சு போலக்கீது. உடம்பைப் பாத்தியா? கொஞ்சம் கொறைக்கணும்னு தோணாது?"

"டைலர் வூட்டு மருமவதானே?"

"டைலர் இன்னா பண்ணுவாரு, துணி இன்னா ரப்பரா?"

கடைசியாகப் பேசியவள் இவரைத் தெரிந்தவள். அனுதாபமாக இவரைப் பார்த்தாள். தசரதன் தலையாட்டினார். ஆமாம், துணி ரப்பர் இல்லை என்கிற மாதிரி. மூன்று மாதம் கழித்து இன்றைக்கும் அவருக்குத் தன் கழுத்து அப்போது அசைந்தது ஞாபகம் வருகிறது. வேறொன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. ஆட்டாமல் இருந்திருந்தால் போதும்.

துர்கா அந்த வெயிலில் மத்தியானம் வரைக்கும் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பந்தி விசாரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ரவிக்கையைச் சின்னம்மாள் வழியாக வாங்கிப் பார்த்தார். தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. தையலை ஒட்டித் துணிதான் கிழிந்திருந்தது, நாலு இஞ்ச். பலமில்லாத நூலால் தைத்திருந்தால் நூல் விட்டுக்கொடுத்திருக்கும். கெட்டியாகத் தைத்திருந்தார்.

கடைக்குப் போய் அரக்கு நிறத்தில் துண்டுப் பட்டு வாங்கிவந்தார். கிழிந்ததைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு அக்குளிலும் நாலு விரல் ஒட்டு வைத்தார். பத்து நிமிஷ வேலை. தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். தைத்த அவருக்கே ஒட்டு கண்ணில் படவில்லை. சின்னம்மாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இன்னா சொன்னா?"

"வெச்சிட்டுப் போங்க அத்தைன்னா."

"போட்டுப் பாத்தாளா?"

"எதுக்குப் போட்டுப் பாக்கணும்? இன்னொரு தம்பி கீறானா அவளுக்கு?"

அதற்கப்புறம் துர்கா வேலூரில் ஒரு பெண் தையற்காரியைக் கண்டுபிடித்து அங்கேதான் கொடுக்கிறாள். அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு நேரிலேயே அளவு எடுக்கிறாளாம். மஞ்சளும் வாடாமல்லியுமாக ரவிக்கைகள் கொடியில் காய ஆரம்பித்தன. தசரதன் அதைப் பார்ப்பார், தைத்த விதத்தில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்ப்பார். கை ஏற்றிய விதம் நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணாவும் சிவசங்கரியும் விருந்துக்கு வந்தார்கள். சாப்பாடு ஆனதும் குணா கல்யாண வீடியோவை டிவியில் போட்டான். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியதும் துர்கா, "டீ போடறேன்" என்று எழுந்து போனாள்.

புதுப்பெண் சிவசங்கரி நல்ல மாதிரி. அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "அண்ணி, எனக்கு அப்ப ஒரே நடுக்கம். உங்க கை பின்னால சில்லுன்னு பட்டுச்சு பாருங்க, அப்பதான் எனக்கு தைரியமே வந்துச்சு."

அவள் தலை குனிந்திருந்தாள் இல்லையா. முதுகுக்குப் பின்னால் யார் நின்றது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாத்தனார்தான் போடுவாள் என்று நினைத்திருக்கிறாள். யாரும் சொல்லவும் இல்லை.

துர்கா டீத் தட்டோடு வந்து நின்றாள். டிவியில் கண்ணாடி வளையல் போட்ட ஒல்லிக் கை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. சிவசங்கரி வாய் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குணா சமாளித்தான். "அன்னிக்கு ஜாக்கெட் அக்காவுக்குச் சதி பண்ணிடுச்சு. காலையில எழுந்து நடக்கா, நடக்கான்னு எவ்ளோ நாளா சொல்லிகினு கீறேன். கேட்டாத்தானே?"

"நடந்தே தேசூர் வரைக்கும் வந்து உன் மாமியார் வீட்ல சோறு துன்னுட்டு வரேன் போடா" என்று துர்கா சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தசரதனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது.

"அவளை ஒண்ணும் சொல்லாத குணா. அவ மேல தப்பே இல்ல. மார்பு நாப்பத்தெட்டு, கையி பதினேழுன்னு கரெக்டாத்தான் எழுதிக் குடுத்தா. நான்தான் நம்பாம நாப்பத்திநாலுக்கு வெட்டிட்டேன். ஒரு ஒட்டு வெச்சிருந்தா சரியாப் போயிருக்கும். நான்தான் வெக்கல."

சிரிப்பு நின்றது. டிவியில் நாதஸ்வரம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. சிவசங்கரி தரையைப் பார்த்தாள். குணாவின் கண் அவனை அறியாமல் அக்காவின் உடம்புப் பக்கம் போய், சட்டென்று திரும்பியது. அந்தப் பார்வையைத் தசரதன் பார்த்தார். துர்காவும் பார்த்தாள்.

அவள் தட்டை மெதுவாக ஸ்டூல் மேல் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. வாங்கினதும் டேப் வெச்சுப் பாத்தேன்."

"அப்ப ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கணும்னா நம்பரைச் சொல்லித்தானே கேக்கணும்." அவள் குரல் வகுப்புக் குரலாக இல்லை; பக்கத்தில் இருப்பவருக்கே எட்டுமா என்கிற மாதிரி இருந்தது. "உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னுதான் காகிதத்துல எழுதி மடிச்சுக் குடுத்தேன்."

பிறகு சிவசங்கரி பக்கம் திரும்பி, "டீ எடுத்துக்கோம்மா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

குணா டிவியை நிறுத்தினான். ஒவ்வொருவராகக் கை நீட்டி டம்ளர்களை எடுத்துக்கொண்டார்கள். தட்டில் சர்க்கரை போடாத டம்ளர் ஒன்று ஓரமாகத் தனியே இருந்தது. அது தசரதனுடையது. அவர் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.